ஆறு மாதக் காசை எங்கே வைப்பது? யாழ்ப்பாண மாணவருக்கு ஓர் எளிய விளக்கம்

ஒரு மாணவரின் கையில் ஐம்பதாயிரமோ அறுபதாயிரமோ சேர்ந்துவிட்டது என்று தெரிந்தால் போதும், ஆளுக்கொரு யோசனை சொல்ல வந்துவிடுவார்கள். காசாய்க் கிடந்தால் கரைந்துவிடும், ஒரு மோதிரமாவது வாங்கி வை என்பார் பெரியம்மா. சீட்டுக்குப் போடு, மொத்தமாக வரும் என்பார் பக்கத்து வீட்டு அக்கா. நிதிக் கம்பனியில் வட்டி கூட என்பான் நண்பன். போனில் ஒரு செயலியைக் காட்டி, மூன்று மாதத்தில் இரட்டிப்பாகும் என்று சத்தியம் செய்ய இன்னொருவனும் இருப்பான்.

கடைசி யோசனையைத் தவிர மற்றவற்றில் ஓரளவு நியாயம் உண்டு. ஆனால் அவர்கள் பேசுவது பெரும்பாலும் பத்து வருடக் காசைப் பற்றி. உங்களிடம் இருப்பது ஆறு மாதக் காசு. இரண்டுக்கும் பொருத்தமான இடம் வேறு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் "எங்கே வட்டி கூட?" என்று தொடங்குவதால்தான் பல பிள்ளைகள் தேவையான நாளில் தங்கள் காசை எடுக்க முடியாமல் நிற்கிறார்கள். திருநெல்வேலியில் அறை எடுத்துப் படிப்பவர்கள், கொக்குவில் தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போய்வருபவர்கள், உயர்தரம் எழுதிவிட்டுச் சின்ன வகுப்புகளுக்கு ரியூசன் சொல்லிக்கொடுப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து இதை அடியிலிருந்து விளக்குகிறேன்.

குறுங்காலக் காசு எது?

ஒரு வருடத்துக்குள் செலவாகப்போகிறது என்று உங்களுக்கே தெரிந்த காசும், எந்த நாளும் தேவைப்படலாம் என்ற காசும் குறுங்காலக் காசு. அடுத்த அறைக்குக் கொடுக்கவேண்டிய முற்பணம், வாங்க நினைக்கும் மடிக்கணினி, இறுதி வருட ஆய்வறிக்கையை அச்சடித்துக் கட்டும் செலவு, நேர்முகத் தேர்வுக்குக் கொழும்புக்குப் போய்வரும் செலவு எல்லாம் இதற்குள் வரும். வீட்டில் ஒருவருக்குத் திடீரென்று வருத்தம் வந்தால் எடுக்கவேண்டிய காசும் இதுதான்.

மாணவரின் வருமானமும் சீராக வருவதில்லை. மகாபொல உதவித்தொகையை மாதம் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக 2025 வரவுசெலவுத் திட்டத்தில் உயர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் தவணைகள் பிந்தி, சில மாதங்களுக்கு உரியது சேர்ந்து வருவது பல்கலைக்கழகத்தில் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். ரியூசன் காசு பரீட்சை மாதங்களில் கூடும், விடுமுறையில் நிற்கும். வெளிநாட்டு உறவினர் அனுப்புவது தைப்பொங்கலுக்கோ பிறந்தநாளுக்கோ வரும். ஆகவே சேமிப்பு என்பது உங்களுக்கு உபரி கிடையாது. காசு வராத மாதங்களை ஓட்டவும் அதுதான் இருக்கிறது.

பங்குச் சந்தையிலோ தங்கத்திலோ போட்ட காசு நூற்றுக்குப் பதினைந்து இறங்கினால், மூன்று வருடத்தில் அது மீண்டும் ஏறலாம். அறை உரிமையாளர் மூன்று வருடம் பொறுக்கமாட்டார். குறுங்காலக் காசுக்கு ஏற்ற இறக்கம் ஆகாது என்று சொல்வது இதனால்தான்.

வங்கியில் போட்டால் காசுக்கு என்ன நடக்கிறது?

நம் காசு வங்கியின் இரும்புப் பெட்டிக்குள் அப்படியே கிடக்கிறது என்று நினைப்பவர்கள் நிறையப்பேர். அது அங்கே கிடப்பதில்லை.

உங்களிடம் ஒரு சைக்கிள் சும்மா நிற்கிறது என்று வையுங்கள். சைக்கிள்களை வாடகைக்கு விடும் கடைக்காரர் ஒருவரிடம் அதைக் கொடுக்கிறீர்கள். அவர் அதைப் பிறருக்கு வாடகைக்கு விட்டு, வரும் காசில் ஒரு பங்கை உங்களுக்குத் தருகிறார். "நான் எந்த நேரமும் வந்து கேட்பேன்" என்று சொல்லிக் கொடுத்தால், அவர் அதைப் பக்கத்துத் தெருவுக்கு மணித்தியாலக் கணக்கில்தான் விடலாம். நீங்கள் திடீரென்று வந்தால் தருவதற்கென்று சில சைக்கிள்களைக் கடையிலேயே நிறுத்தியும் வைக்கவேண்டும். உங்களுக்குக் கிடைக்கும் பங்கு குறைவு. "ஆறு மாதத்துக்குக் கேட்கமாட்டேன்" என்றால், காலையில் பத்திரிகை போடுபவருக்கு ஆறு மாத வாடகைக்கு நம்பிக் கொடுக்கலாம். பங்கு கூடும். மூன்றாம் மாதமே வந்து நின்றால் என்ன செய்வார்? கடையில் நிற்கும் வேறொரு நல்ல சைக்கிளைத் தந்துவிட்டு, "ஆறு மாதக் கணக்கில் தருவேன் என்ற பங்கைத் தர முடியாது தம்பி, எந்த நேரமும் கேட்பவர்களுக்குக் கொடுக்கும் பங்குதான்" என்பார். சைக்கிளைப் பிடித்து வைக்கமாட்டார்.

வங்கியின் வேலை கிட்டத்தட்ட முழுக்க இதுதான். நீங்கள் வைப்பிலிடும் காசு, வங்கிக்கு நீங்கள் கொடுக்கும் கடன். வங்கி அதில் ஒரு பகுதியைக் கையிலும் மத்திய வங்கியிலும் வைத்துக்கொண்டு, மீதியைப் படகு இயந்திரம் வாங்குபவருக்கும் வீடு கட்டுபவருக்கும் கடை நடத்துபவருக்கும் கூடிய வட்டிக்குக் கொடுக்கிறது. உங்களுக்குத் தருவது அதில் ஒரு பங்கு. அந்தப் பங்குக்குப் பெயர் வட்டி. எந்த நேரமும் எடுக்கக்கூடியது சேமிப்புக் கணக்கு. இத்தனை மாதம் எடுக்கமாட்டேன் என்று ஒப்புக்கொண்டு போடுவது நிலையான வைப்பு. அந்தக் காலம் முடியும் நாள் முதிர்வு நாள்.

நிலையான வைப்பை இடையில் உடைத்தால் முதலே போய்விடும் என்று சில வீடுகளில் பயப்படுகிறார்கள். போகாது. வட்டிதான் குறையும். பெரும்பாலான வங்கிகள் போட்ட நாளிலிருந்து சேமிப்புக் கணக்கின் வட்டியையோ அதற்குக் கிட்டிய ஒரு வட்டியையோ கணக்கிட்டு முதலோடு தரும். சில இடங்களில் மிகக் குறுகிய நாட்களுக்குள் உடைத்தால் வட்டியே இல்லாமலும் போகலாம். காசைக் கொடுக்கும்போதே இந்த விதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: வைப்பு என்பது நீங்கள் வங்கிக்குக் கொடுக்கும் கடன். காத்திருக்கச் சம்மதிக்கும் காலத்துக்குத்தான் கூடிய வட்டி கிடைக்கிறது. காத்திருக்க முடியாத காசுக்கு அந்த வட்டியை எதிர்பார்ப்பதில் பயனில்லை.

வட்டி விளம்பரத்தை எப்படிப் படிப்பது?

பதாகையில் எழுதியிருக்கும் சதவீதம் ஒரு வருடத்துக்கு உரியது. "ஆறு மாத வைப்பு, 8 சதவீதம்" என்றால் ஆறு மாதத்தில் 8 கிடைக்காது, 4தான் கிடைக்கும். மூன்று மாதம் என்றால் 2. படித்த பிள்ளைகளே இதைத் தவறவிடுகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கையில் 60,000 ரூபா. காலம் ஆறு மாதம். சேமிப்புக் கணக்கு 3 சதவீதமும், நிலையான வைப்பு 8 சதவீதமும் தருவதாக வைத்துக்கொள்வோம் (கணக்குக்காக எடுத்த இலக்கங்கள், உண்மையான வட்டி வங்கிக்கு வங்கி, மாதத்துக்கு மாதம் மாறும்). முழுவதையும் சேமிப்பில் வைத்தால் வட்டி 900 ரூபா. முழுவதையும் வைப்பில் போட்டால் 2,400 ரூபா. யாரோ ஒருவர் 14 சதவீதம் தருகிறேன் என்று வந்தால் 4,200 ரூபா.

இந்த மூன்று இலக்கங்களையும் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். நம்பிக்கையான வங்கிக்கும் அந்த 14 சதவீதக்காரருக்கும் இடையில் உள்ள வித்தியாசம் 1,800 ரூபா. அந்த 1,800க்காகப் பணயம் வைப்பது 60,000ஐ. கோடி வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு சதவீதமும் ஓர் இலட்சம்; அவர் தேடி அலைவதில் பொருள் உண்டு. சிறிய தொகைக்கு வட்டி ஒரு துணை வருமானம்கூட ஆகாது. இதை ஏற்றுக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

"அப்போ 20 சதவீதம் தந்தார்களே" என்று வீட்டில் சொல்வார்கள். உண்மைதான். 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. அதன் பிறகு ஒரு வருட வைப்புக்கு 20 சதவீதத்துக்கு மேலும் வங்கிகள் கொடுத்தன. கொள்கை வட்டி என்பது வங்கிகள் தம்மிடையே ஒருநாள் கடனாகக் காசு வாங்கும் வட்டியை மத்திய வங்கி வழிநடத்தும் அளவு. அது ஏறினால் நம் வைப்பு வட்டியும் ஏறும், இறங்கினால் இறங்கும். 2025 மே மாதம் அது 7.75 சதவீதமாக இருந்தது. அப்படி இருக்கும் காலத்தில் ஒருவர் 20 சதவீதம் தருவேன் என்றால், அந்தக் காசை யாருக்கு எந்த வட்டிக்குக் கொடுத்து உழைக்கப்போகிறார் என்று கேட்கவேண்டும்.

திரும்பி வருமா?

கடன் கொடுப்பவர் முதலில் கேட்கவேண்டியது இதைத்தான். வைப்பிலிடும்போது நாம்தான் கடன் கொடுப்பவர் என்பதை மறந்துவிடுகிறோம்.

பொதுமக்களிடம் வைப்பு வாங்க இலங்கை மத்திய வங்கியின் அனுமதிப்பத்திரம் வேண்டும். வர்த்தக வங்கிகள், தேசிய சேமிப்பு வங்கி போன்ற சிறப்பு வங்கிகள், நிதிக் கம்பனிகள் என மூன்று வகைக்கு அதைக் கொடுக்கிறார்கள். அனுமதி உள்ள நிறுவனங்களின் பட்டியலை மத்திய வங்கி தன் இணையத்தளத்தில் வெளியிடுகிறது. பெயரைத் தேடிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும்.

இந்த நிறுவனங்களில் ஒன்று முறிந்தால் வைப்பாளருக்குக் கொடுப்பதற்கென்று வைப்புக் காப்புறுதித் திட்டம் ஒன்று 2010 முதல் இருக்கிறது. தொடக்கத்தில் அதன் எல்லை 2 இலட்சம் ரூபா. 2021 முதல் 11 இலட்சம். அதாவது ஒரு நிறுவனத்தில் ஒருவருக்குள்ள வைப்பில் 11 இலட்சம் வரை காப்புறுதி உண்டு. இதற்கு நீங்கள் தனியாக எதுவும் கட்டவேண்டியதில்லை, நிறுவனமே கட்டுகிறது. தேசிய சேமிப்பு வங்கிக்கு இன்னும் ஒருபடி மேல்: அங்குள்ள வைப்புக்கும் வட்டிக்கும் அதன் 1971ஆம் ஆண்டுச் சட்டமே அரசின் முழு உத்தரவாதத்தைக் கொடுக்கிறது. அதன் சேமிப்புக் கணக்குகளைத் தபாலகங்களிலும் கையாளலாம். தீவுப் பகுதிகளிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளுக்கு இது உதவும்.

அப்படியானால் அனுமதி உள்ள எந்த நிதிக் கம்பனியிலும் போடலாமா, 60,000 தானே, எல்லைக்குள்தானே இருக்கிறது? நீண்டகாலக் காசு என்றால் யோசிக்கலாம். குறுங்காலக் காசுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன். காப்புறுதி காசைத் திருப்பித் தரும். நீங்கள் கேட்ட நாளில் தராது. ஈரிஐ ஃபினான்ஸ் என்ற அனுமதி பெற்ற கம்பனிக்கு 2018இல் மத்திய வங்கி கட்டுப்பாடுகள் விதித்தது. அதன் தொழில் இடைநிறுத்தப்பட்டது 2020இல். த ஃபினான்ஸ் கம்பனியின் அனுமதிப்பத்திரம் அதே 2020இல் இரத்தானது. இப்படிப்பட்ட நேரங்களில் வைப்பாளர்கள் மாதக்கணக்கிலும் அதற்கு மேலும் காத்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் தேவைப்படும் காசு இரண்டு வருடம் கழித்து முழுதாக வந்தாலும், அதற்குள் அந்த மடிக்கணினியும் பரீட்சையும் போய்விடும். எல்லா நிதிக் கம்பனிகளும் அப்படி என்று சொல்ல வரவில்லை. ஒழுங்காக நடப்பவை பல. கிடைக்கும் சில நூறு ரூபா மேலதிக வட்டி, மாணவர் அந்த வேறுபாட்டை ஆராய்ந்து அறியும் பாட்டுக்குப் போதாது.

அனுமதியே இல்லாதவர்களிடம் போவது வேறு கதை. 2008இல் முறிந்த கோல்டன் கீ கடனட்டைக் கம்பனி, மத்திய வங்கியின் கண்காணிப்புக்குள் வராமலேயே கூடிய வட்டி காட்டிப் பொதுமக்களிடம் காசு திரட்டியது. அங்கே போட்டவர்களுக்குக் காப்புறுதி என்ற பேச்சுக்கே இடம் இருக்கவில்லை.

போனில் வரும் இரட்டிப்புத் திட்டங்களும் இந்த வகைதான். முதலில் சேர்ந்தவருக்குக் கொடுக்கும் "இலாபம்" பின்னால் சேர்ந்தவரின் முதல். புதிதாக ஆள் வருவது நின்ற நாளில் எல்லாம் நிற்கும். இவற்றை நடத்துவதும் பரப்புவதும் வங்கித்தொழில் சட்டப்படி குற்றம். வகுப்பு நண்பர்களைச் சேர்த்துவிட்டுத் தரகு வாங்கும் பிள்ளைகளுக்கு இது தெரிவதில்லை. காசை இழப்பதோடு நண்பர்களையும் இழந்து, வழக்கும் வந்து சேரலாம்.

ஆகவே இந்தப் பகுதியிலிருந்து எடுக்கவேண்டியது: மத்திய வங்கியின் பட்டியலில் பெயர் இருக்கவேண்டும், அதற்குள்ளும் குறுங்காலக் காசுக்கு வங்கியே பொருத்தம்.

சீட்டு

சீட்டைப் பற்றி நம் ஊரில் யாரும் நடுநிலையாகப் பேசுவதில்லை. ஏமாந்தவர் திட்டுவார், சீட்டால் வீட்டுக்குக் கூரை போட்டவர் புகழ்வார். அது எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் இருவரும் ஏன் அப்படிப் பேசுகிறார்கள் என்று விளங்கும்.

பத்துப்பேர் மாதம் 5,000 ரூபா போடுகிறார்கள். மாதம் 50,000 சேரும். ஒவ்வொரு மாதமும் ஒருவர் எடுப்பார். குலுக்கிப்போட்டு எடுத்தால் குலுக்கல் சீட்டு. அவசரக்காரர் "எனக்கு 42,000 போதும், இந்த மாதம் தாருங்கள்" என்று கேட்டு எடுத்தால் ஏலச்சீட்டு. அவர் விட்டுக்கொடுத்த 8,000 கழிவு. அது மற்றவர்களுக்குப் பங்காகப் போகும்.

முதல் மாதம் எடுப்பவர் உண்மையில் கடன் வாங்குகிறார். மிச்ச மாதங்களில் அதைக் கட்டித் தீர்க்கிறார். கடைசி மாதம் எடுப்பவர் சேமிக்கிறார், அதோடு மற்ற எல்லோருக்கும் கடன் கொடுக்கிறார். அவருக்கு வரும் கழிவுப் பங்குதான் வட்டி. ஆக, சீட்டில் சேமிக்கப் போகிறவர் ஒன்பது பேரை நம்பிக் கடன் கொடுக்கிறார். முன்னதாக எடுத்த ஒருவர் பிறகு கட்டாமல் விட்டால் அந்த ஓட்டை கடைசியில் நிற்பவர் மேல்தான் விழும். சீட்டை நடத்துபவர் நேர்மையானவராக இருந்து, கையிலிருந்து போட்டு அடைத்தால் தப்பலாம். வைப்புக் காப்புறுதி கிடையாது. அடுத்த மாதம் அவசரம் என்று நடுவில் நின்றுகொள்ளவும் முடியாது.

மாதாமாதம் ஒதுக்கும் பழக்கத்தைச் சீட்டு நன்றாகவே கற்றுக்கொடுக்கிறது. தெருவில் நான்கு பேர் கேட்பார்கள் என்ற வெட்கமே கட்ட வைக்கும். ஒரே வீட்டு ஆட்களோ, நெடுநாள் ஒன்றாகப் படித்த நாலைந்து பேரோ சிறு தொகைக்குக் குலுக்கல் சீட்டுப் போடுவதை நான் தடுக்கமாட்டேன். வரும் மாதத்தில் பரீட்சைக் கட்டணம் கட்டவேண்டிய காசை மட்டும் அதில் போடாதீர்கள்.

தங்கம், திறைசேரி உண்டியல், இன்னும் சில

கஸ்தூரியார் வீதியில் ஒரு நகை வாங்கி, ஆறு மாதத்தில் அதே கடைக்குக் கொண்டுபோனால், தங்க விலை மாறாமல் இருந்தாலும் கொடுத்த காசு திரும்பாது. செய்கூலியும் சேதாரமும் போய்விடும்; கடை வாங்கும் விலையும் விற்கும் விலையும் ஒன்றில்லை. விலை அதற்கு மேல் ஏறினால்தான் சமன். ஏறவும் செய்யும்: 2022 மார்ச் தொடக்கத்தில் கிட்டத்தட்ட 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டபோது தங்கமும் கூடவே எகிறியது. அடுத்த வருடம் ரூபா பலமடைந்தபோது அந்த உயரத்தில் வாங்கியவர்கள் கையைப் பிசைந்தார்கள். தலைமுறை தாண்டி வைத்திருக்கும் அம்மாவின் கணக்கு வேறு. அவருக்குத் தங்கம் சரியாகவே இருக்கலாம்.

திறைசேரி உண்டியல் என்பது அரசு 91, 182 அல்லது 364 நாட்களுக்கு வாங்கும் கடன். காலம் குறுகியது, கடன்காரர் அரசு. ஆனால் அதை வாங்கத் தனிக் கணக்கு திறக்கவேண்டும். அறுபதாயிரத்துக்கு அந்த அலைச்சல் தகாது. பணச்சந்தை அலகு நம்பிக்கைப் பொறுப்பு நிதியங்கள் பலருடைய காசைச் சேர்த்து இப்படிப்பட்ட குறுங்காலக் கடன்களில் போடுகின்றன. சிறு தொகையிலும் சேரலாம், கேட்டால் ஓரிரு வேலைநாளில் காசு வரும். வைப்புக் காப்புறுதி இதற்குப் பொருந்தாது என்பதைத் தெரிந்துகொண்டு, படித்துப் பார்த்துச் சேர விரும்புபவர் சேரலாம். முதல் சேமிப்புக்கு அவசியமில்லை. வட்டி வேண்டாம் என்றிருக்கும் முஸ்லிம் மாணவர்களுக்கு, இலாபப் பகிர்வு முறையில் இயங்கும் அமானா வங்கி அனுமதி பெற்ற வர்த்தக வங்கிதான்.

பங்குச் சந்தை, கிரிப்டோ பற்றி இங்கே எழுத ஒன்றுமில்லை. ஆறு மாதக் காசுக்கு அவை ஆகாது.

விலைவாசி காசைத் தின்னாதா?

தின்னும். பொருட்களின் விலை பொதுவாக ஏறிக்கொண்டு போவதுதான் பணவீக்கம். வட்டியைவிட அது கூடினால், இலக்கத்தில் காசு கூடினாலும் வாங்கும் சக்தி குறையும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம். ஒரு வருடத்துக்கு முன் 60,000 ரூபாவை அலுமாரிக்குள் வைத்தவர், அதைக்கொண்டு பழைய விலையில் ஏறக்குறைய 35,000 ரூபாப் பெறுமதியைத்தான் வாங்கியிருப்பார். எந்தச் சேமிப்புக் கணக்கின் வட்டியும் அந்த ஓட்டத்தைப் பிடித்திருக்காது.

அந்த வருடத்தின் பயம் இன்னும் வீடுகளில் இருக்கிறது; இருப்பது இயல்பு. ஆனால் 2024 செப்டம்பரில் அதே சுட்டெண் முந்தைய வருடத்தைவிடக் கீழே போயிற்று. எல்லா வருடமும் 2022 மாதிரி இல்லை. சாதாரண வருடத்தில் ஆறு மாத விலையேற்றத்தால் சிறு தொகை இழக்கும் பெறுமதி, தவறான இடத்தில் போட்டு இழப்பதோடு ஒப்பிட முடியாத அளவு சிறிது. விலை வேகமாக ஏறும் அறிகுறி தெரிந்தால், எப்படியும் வாங்கப்போகும் பொருளை முன்னதாக வாங்கிவிடுவதே மாணவருக்கு இருக்கும் நல்ல வழி. அலுமாரிக்குள் காசு வைப்பவருக்கு ஒன்று: அங்கே வட்டியும் இல்லை, களவுக்குக் காவலும் இல்லை. ஒரு வாரச் செலவுக்கு மேல் வீட்டில் வேண்டாம்.

அறுபதாயிரத்தை எப்படிப் பிரிக்கலாம்?

சரி, செய்முறைக்கு வருவோம். முதலில் ஒரு தாளில் செலவையும் அது வரும் மாதத்தையும் எழுதுங்கள். அடுத்த மூன்று மாதத்துக்குள் தேவைப்படுவதும், அவசரத்துக்கென்று ஒரு தொகையும் சேமிப்புக் கணக்கில். நம் உதாரணத்தில் அது 20,000. மீதி 40,000ஐ நிலையான வைப்பில் போடலாம். ஆனால் ஒரே வைப்பாகப் போடாமல் 20,000 வீதம் இரண்டாக்குங்கள். ஒன்று மூன்று மாதம், மற்றது ஆறு மாதம். இடையில் அவசரம் வந்தால் ஒன்றை மட்டும் உடைக்கலாம். மற்றதன் வட்டி தப்பும். குறைந்தபட்ச வைப்புத் தொகை வங்கிக்கு வங்கி வேறுபடும் என்பதால், இரண்டாகப் பிரிக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

படிவத்தில் "முதிர்வில் தானாகப் புதுப்பித்தல்" என்று ஓர் இடம் இருக்கும். பலர் கவனிப்பதில்லை. அதைத் தெரிவு செய்தால், ஆறு மாதம் முடிந்த நாளில் காசு மறுபடி ஆறு மாதத்துக்குப் பூட்டப்படும். பத்து நாள் பிந்திப் போய்க் கேட்டால் அது இடையில் உடைப்பதாகக் கணக்காகலாம். முதிர்ந்ததும் முதலும் வட்டியும் சேமிப்புக் கணக்குக்குப் போகட்டும் என்று எழுதிக் கொடுங்கள்.

கட்டணங்களையும் பாருங்கள். 20,000 ரூபாவுக்கு 3 சதவீதம் என்றால் மாதம் 50 ரூபாதான் வட்டி. வேறு வங்கியின் ஏரிஎம் இயந்திரத்தில் இரண்டு தடவை எடுத்தால் அந்த வட்டி முழுவதும் கட்டணமாகப் போய்விடலாம். அட்டைக்கு வருடக் கட்டணம், குறுஞ்செய்திக்குக் கட்டணம், இவ்வளவுக்குக் கீழே மிச்சம் போனால் வட்டி இல்லை என்ற விதி எல்லாம் இருக்கும். ஆகவே சேமிப்புக் கணக்கைத் தெரிவு செய்யும்போது அரைச் சதவீதக் கூடுதல் வட்டியைவிட, நீங்கள் நடந்து போகும் தூரத்தில் அந்த வங்கியின் இயந்திரம் இருப்பது பெறுமதியானது. மகாபொல வரும் அதே வங்கியில் இருந்தாலும், உதவித்தொகைக் கணக்கையும் சேமிப்பையும் தனித்தனியாக வையுங்கள். ஒரே கணக்கில் கிடந்தால் எது செலவுக்கு, எது சேமிப்பு என்று கண்ணுக்குத் தெரியாது.

வட்டியில் வரியும் பிடிப்பார்கள். பிடித்துவைத்தல் வரி 2025 ஏப்ரல் முதல் 10 சதவீதம், முன்பு 5. வருட வருமானம் 18 இலட்சத்துக்குக் கீழே உள்ளவர்கள் வங்கியில் ஒரு சுயபிரகடனப் படிவம் கொடுத்தால் இதைப் பிடிக்கமாட்டார்கள். மாணவர் எல்லோரும் அநேகமாக இதற்குள் வருவீர்கள். கவுண்டரில் இருப்பவர் தானாகச் சொல்லாமல் விடலாம்; நீங்களே கேளுங்கள். வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால் புதிய ஆண்டில் மறுபடி கொடுக்கவேண்டும்.

18 வயது ஆகாதவர்களுக்கு ஒன்று உண்டு. சிறுவர் சேமிப்புக் கணக்கில் போடும் காசைப் பொதுவாக 18 வயது வரை எடுக்க முடியாது. கல்வி, மருத்துவம் போன்ற காரணங்களுக்கு அனுமதி வாங்கவேண்டியிருக்கும். உயர்தரம் படிக்கும் பதினேழு வயதுப் பிள்ளை, அடுத்த வருட வகுப்புக் காசை அங்கே போட்டுவிட்டுத் தேவைப்படும்போது தவிப்பதைவிட, பெற்றோரோடு வங்கிக்குப் போய், எடுக்கக்கூடிய வேறு கணக்கு எது என்று கேட்டுவிட்டுப் போடலாம். அம்மாவின் பெயரில் புதிதாக ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, அதை இந்தக் காசுக்கு மட்டும் என்று ஒதுக்கி, புத்தகத்தைப் பிள்ளையின் கையில் கொடுப்பதும் பல வீடுகளில் நடப்பதுதான்.